கேக்கில் மாஹிக்கு இடம்

பச்சை கிரீம் கூம்பைப் பிதுக்கிய கைகள், கேக்கின் மேல் கேரளக் கடற்கரையைக் காசர்கோட்டிலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தன. கூடலூரில் கல்யாணக் கேக் என்றால் ஞானதுரைதான். அட்லஸைத் திறந்துவைத்து, வளைவு வளைவாகப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வரைபடக் கேக் வேண்டுமென்று கேட்டிருந்த, மாப்பிள்ளையின் அம்மா கிருபாவதி எட்டிப் பார்த்தாள். “தம்பி, மருமக ஊரு மாஹி எங்கன?”

“கேரளாவுக்குள்ளதானக்கா இருக்கு.”

“அவ காதுல விழுந்தா கேக்கையே வெட்டமாட்டா! சுத்தி கேரளா, ஆனா அது புதுச்சேரி. பிரெஞ்சுக்காரக விட்டுட்டுப் போன ஊரு. காரைக்கால், ஏனாமோட சேத்து ஒண்ணாக்கிட்டாக. தனி நிறம் வேணும்.”

ஞானதுரை மஞ்சள் கிரீமால் ஒரு பொட்டு வைத்தார். அது பக்கத்திலிருந்த தலச்சேரியை விழுங்கியது. வழித்தெடுத்துவிட்டு, இருப்பதிலேயே சின்ன முனையை மாட்டி வைத்தார். இந்த முறை வடகரை போனது.

“பிரெஞ்சுக்காரனே இம்புட்டு எடத்தப் பிடிக்கலப்பா,” என்றாள் கிருபாவதி.

அவர் ஓர் ஏலக்காயைப் பிளந்து, ஒரே ஒரு விதையை மஞ்சள் சாயத்தில் உருட்டி, ஊசியால் கடலோரத்தில் பதித்தார். பக்கத்து ஊர்கள் தப்பின.

ஜீப்பில் உட்கார்ந்த கிருபாவதியின் மடியில் கேக்கை வைத்தார்.

“போற வழியில தும்மிராதீகக்கா. மாஹி கடலுக்குள்ள போயிரும்.”