தம்பி விட்டுப்போன பேட்டரி

என் ஹார்டுவேர் கடைக்குள் வருகிறவர்கள் எல்லோரும் அலமாரியைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். முப்பது வருஷமாக வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். கழுத்து அப்படியே பழகிவிட்டது. 'மேல்பார்வை' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததே நான்தான். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவேன். கோபித்துக்கொண்டதில்லை. "உன் கடை சீலிங்ல ஒரு ஓரம் தொங்குதும்மா, பாத்துக்க" என்று மட்டும் சொல்வார்.

சீலிங் வேலை ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை இல்லை. ஒருவர் ஜிப்சம் பலகையைத் தலைக்கு மேல் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் ட்ரில்லால் ஸ்க்ரூ ஏற்ற வேண்டும். பத்தொன்பது வருஷம் தாங்கிப் பிடித்தது அவருடைய தம்பி. அண்ணனோ கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே வயதைக் கடத்தியவர். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்தத் தம்பி ஒருவன்தான். தம்பிக்கு ரேடியோ பாடாவிட்டால் கை ஓடாது. ஆறு பெரிய செல் போட்டு ஓடும் பழைய பெட்டி, தோளில் மாட்ட வார் வைத்தது. அண்ணனுக்கு அந்தச் சத்தமே ஆகாது. "அத மூடுடா" என்பதுதான் இருவரும் அதிகம் பேசிக்கொண்ட பேச்சாக இருக்கும்.

போன வருஷம் ஒரு கூடத்தில் பலகை நான்கு அங்குலம் குட்டையாக வெட்டுப்பட்டுவிட்டது. அளவு சொன்னது அண்ணன், வெட்டியது தம்பி. அந்த நேரம் பார்த்துக் கான்ட்ராக்டர் வந்து நின்றார். "காது ரேடியோல, கை எங்கயோ. இவன வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சார்" என்று அவர் முன்னாலேயே அண்ணன் சொல்லிவிட்டார். கையிலிருந்த ட்ரில்லை ஏணியின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனவன் போனவன்தான். வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அளவைத் தப்பாகச் சொன்னது தானாகவும் இருக்கலாம் என்று அண்ணன் என்னிடம் ஒத்துக்கொள்ள எட்டு மாதம் ஆயிற்று. தம்பியிடம் அதைச் சொல்லவே இல்லை.

ரேடியோவும், அந்த ட்ரில்லுக்காகத் தம்பி தன் காசில் வாங்கியிருந்த பேட்டரியும் அண்ணனிடமே தங்கிவிட்டன. "பேட்டரிய அப்புறமா வந்து எடுத்துக்கறேன்" என்று ஒரே ஒரு தடவை போனில் சொன்னானாம். அந்த வாக்கியத்தை மனுஷன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பேட்டரி இருக்கிறவரை அவன் ஒரு நாள் வந்துதானே ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு.

பலகையைத் தாங்க, நெட்டையான ஒரு கட்டையின் தலையில் குறுக்குக்கட்டை அடித்து வைத்துக்கொண்டார். "நல்ல ஆளும்மா. லீவு கேக்காது, பாட்டும் கேக்காது" என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் மாதம் பெரிய செல் ஆறு வேண்டும் என்று வந்து நின்றார்.

"அதெல்லாம் இப்ப யாருண்ணே வாங்கறாங்க? நான் வரவழைக்கறதே இல்ல" என்றேன். "அதுவும் உங்களுக்கு எதுக்கு ரேடியோ?"

அவர் என் கூரையைப் பார்த்தார். பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் அதுதான் வழக்கம்.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எரிந்துபோன ட்ரில் ஒன்றின் கைப்பிடியில், பேட்டரி வந்து மாட்டும் அடிப்பாகத்தை மட்டும் ரம்பத்தால் அறுத்தெடுத்தார். பேட்டரி பதினெட்டு வோல்ட். ரேடியோவுக்கு ஒன்பது போதும். முதலில் குட்டி சர்க்யூட் ஒன்றை வாங்கி வைத்துக் குறைத்தார். ரேடியோவைப் போட்டால் காதோரம் கொசு பறக்கிற மாதிரி ஒரே கீச்சு. செய்தி வாசிக்கிறவர் அதற்குள் முங்கிப்போனார். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வோல்ட்டைக் குறைக்கிற மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்றைப் பிடித்தார். அது சூடாகும். சூட்டை இழுத்துக்கொள்ள, சீலிங் தகரச் சட்டத்தில் மிஞ்சிய துண்டு ஒன்றில் வைத்து முடுக்கினார். கீச்சு நின்றது.

தன் பேட்டரியை ட்ரில்லுக்கு வைத்துக்கொண்டு, தம்பியின் பேட்டரியை ரேடியோவுக்குக் கொடுத்தார். அடையாளத்துக்காகத் தம்பி அதில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்திருந்தான்.

"அவன் பொருள வேலைக்குப் போட்டுத் தேய்க்கக்கூடாது. பாட்டு கேட்டா என்ன ஆயிடப்போகுது" என்றார்.

"ட்ரில்லுல இருந்தா, சார்ஜ் எறங்கினதும் ட்ரில்லே நிறுத்திடும். உங்க ரேடியோ நிறுத்தாதுண்ணே, பேட்டரி சாகற வரைக்கும் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். மறக்காம கழட்டி வைங்க."

தலையை ஆட்டினார். இவர் தலையை ஆட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம். விழாததற்கு ஒரு காரணமும் இருந்தது. வேலை முடிந்து பூட்டும்போது அவர் ரேடியோவை அணைப்பதில்லை. சத்தத்தை மட்டும் குறைத்து வைத்துவிட்டுப் போவார்.

"காலைல கதவத் தொறந்தா உள்ள யாராவது பேசிட்டு இருக்கணும்மா. எப்பவும் அவன்தான் எனக்கு முன்னால வந்திருப்பான்."

 

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பாடவிட்டுப் போனார். மறுநாள் அந்தக் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து, நான்கு நாள் யாரையும் உள்ளே விடவில்லை. புதன்கிழமை கதவைத் திறந்தபோது உள்ளே யாரும் பேசவில்லை. பேட்டரியைச் சார்ஜரில் வைத்தால் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது, ஏறவே இல்லை. சொல்லி வைத்தாற்போல் அதே வாரம் தம்பி எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, என் பேட்டரி அண்ணன்கிட்ட இருக்கு. உங்க கடைல குடுத்து வைக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்கறேன்."

"உங்க அண்ணன் வீடுதானே? போய் வாங்கிக்கயேன்."

"வேணாங்க்கா."

அண்ணனிடம் சொன்னேன். "கடைக்கா?" என்று கேட்டார். சனிக்கிழமை ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சிவப்புப் புள்ளி இருந்தது. அவர் விரல் நகத்திலும் சிவப்பு ஒட்டியிருந்தது. தன் பேட்டரிக்குப் பொட்டு வைத்து எடுத்து வந்திருக்கிறார்.

"திங்கக்கிழம வேலைக்கு என்னண்ணே பண்ணுவீங்க?"

"கையால முடுக்கறேன். செத்துப்போச்சுன்னு சொன்னா அவன் எதுக்கு வருவான்?"

"அப்ப நாளைக்கு நீங்களும் வாங்க."

"நான் நின்னா வாசல்லயே வண்டியத் திருப்பிடுவான். நீ குடுத்துடு. உக்காரச் சொல்லு."

ஞாயிறு காலை தம்பி வந்தான். உட்காரவில்லை. பேட்டரியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தான்.

"இது அண்ணனோடது. என்னோடது ஏணிலேருந்து விழுந்து ஒரு மூல ஒடஞ்சிருக்கும்."

பொய் ஒன்றைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். ஆனால் வாயில் உண்மைதான் வந்தது. செல் கேட்டு வந்ததிலிருந்து, அணைக்காமல் விட்டுப்போனது எதற்காக என்பதுவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அவரா? ரேடியோவா?" என்றான். பேட்டரியை மேசைமேல் திரும்ப வைத்தான். "இத அவருக்கே குடுத்துடுங்க. கையால முடுக்கினா தோள்பட்ட போயிடும். செத்தத தூக்கிப் போடச் சொல்லுங்க. எனக்கு வேணாம்."

வாசல்படியில் நின்று அண்ணாந்து பார்த்தான். "உங்க சீலிங்ல ஒரு ஓரம் தொங்குதுக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். வந்து போனது மூன்று நிமிஷம்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். மேசையில் தன் பேட்டரி இருப்பதைப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சுட்டானா?"

"ம்."

"எவ்வளவு நேரம் நின்னான்?"

"அரைமணி இருக்கும்."

"உக்காந்தானா?"

"உக்காந்தான்."

"என்ன சொன்னான்?"

"கையால முடுக்கினா தோள்பட்ட போயிடும்னு சொன்னாண்ணே." இது ஒன்றுதான் நான் உண்மையாகச் சொன்னது.

அவர் தோளை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு பையைத் திறந்து, மூலை உடைந்த அந்தச் செத்த பேட்டரியை எடுத்துக் காட்டினார்.

"இதப் பத்தி என்ன சொன்னான்?"

தூக்கிப் போடச் சொன்னான் என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. என்னால் முடியவில்லை.

"ஒண்ணும் சொல்லல."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப இது இன்னும் அவனோடதுதான்" என்று சொல்லி, ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். "இருக்கட்டும். வந்து கேட்டா குடுக்கணும்ல."

இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.