மணி பார்த்த இடம்

நாயைப் படம் எடுக்க வேண்டுமானால் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் முதுகும் மண்டையும்தான் விழும், முகம் கிடைக்காது. அதனால், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத மருமகளாகிய நான், ஒரு காலையில் எங்கள் வாசல் மண்ணில் நீட்டிப் படுத்து, மணியின் மூஞ்சிக்கு நேராகக் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மணி என்னைச் சட்டை செய்யாமல் தன் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் காட்டிலிருந்து குச்சிக்கிழங்குக் கூடையோடு மாமனார் வந்து நின்றார். மானம் போயிற்று என்று வாரிச் சுருட்டிக்கொண்டு எழப் போனேன். "எந்திரிக்காத சாமி. அது உன்னயப் பாக்காது, நான் கூப்புடறேன்" என்று கூடையை இறக்கிவிட்டு என் பின்னால் வந்து நின்றார். மணி தலையைத் தூக்கியது. அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை எந்தப் படத்திலும் பிடித்ததில்லை.

நான் பேளுக்குறிச்சிக்காரி. செம்மேட்டில் ஒரு ஸ்டுடியோவில் வேலை. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று மனிதர்களை எடுத்து எடுத்து எனக்குச் சலித்துவிட்டது. கேமராவைக் கண்டதும் எல்லோரும் ஒரே சிரிப்பை மாட்டிக்கொள்கிறார்கள். நாய்க்கு அந்தப் பாசாங்கு தெரியாது. மலைமேல் திண்ணனூர் நாட்டு ஊர் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் ஓய்ந்த நேரமெல்லாம் நாய்களின் பின்னால்தான் திரிந்தேன். மாமனாரும் கூடவே வந்தார். மாமனாரும் மருமகளும் நாய் மேய்க்கப் போகிறார்கள் என்று ஊரே சிரித்தது. அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நாய்க்குத் தின்பண்டம் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. "பிஸ்கட்டக் காட்டுனா அது பிஸ்கட்டத்தான் பாக்கும்" என்பார். பின்னால் நின்று கதை பேசுவார். ஒரு நாயிடம் காட்டுப்பன்றி வந்த கதை, இன்னொன்றிடம் மிளகுக்கொடி காய்க்காத கவலை. மணியிடம் மட்டும் அத்தையைப் பற்றிப் புகார். "டேய் மணி, உங்காத்தா இன்னிக்கி ரசத்துல உப்பே போடலடா, யார்கிட்டயும் சொல்லிராத" என்று கிசுகிசுப்பார். மணி ஒரு காதைத் தூக்கித் தலையைச் சாய்த்து நியாயம் கேட்கும். "எல்லாம் காதுல வுழுவுது" என்று உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுப்பார். எனக்குச் சிரிப்பில் கேமரா ஆடும்.

கேமரா தன் பக்கம் திரும்பினால் மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். "என் மூஞ்சிய எடுத்து என்ன பண்ணப் போற? நாயப் புடி கண்ணு." எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அவர் எங்கேயோதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போன ஐப்பசி மழையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். மலையிறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டார்கள். வீடெல்லாம் தேடியும் முகம் நேராகத் தெரியும்படி ஒன்றும் இல்லை. "ஊர் நாய்க்கெல்லாம் போட்டோ எடுத்தவ, மாமனாருக்கு ஒண்ணு எடுத்து வெக்கலியா?" என்று சொந்தக்கார அம்மா ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். அதில் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்த ஆள் போல் மிரண்டுபோய் இருந்தார். "இது அவரில்லீங்க" என்று அத்தை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் நான் எடுத்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஓரத்தில் ஒரு கையாவது, வேட்டி நுனியாவது விழுந்திருக்காதா என்ற நப்பாசைதான். ஒன்றிலும் இல்லை. எல்லாம் நாய் முகங்கள். ஆற்றாமையில் அழுகை வந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அத்தை திடீரென்று, "நிறுத்து கண்ணு" என்றார். திரையில் மணி, ஒரு காது தூக்கி, தலை சாய்த்து. "இது என்ற ரசத்தக் கொற சொன்னப்ப எடுத்ததுதான?" என்றார். ஆமாம் என்றேன். அத்தைக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். அப்புறம் அவரே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். "இதுல பன்னிக் கத சொல்றாரு. இதுல சும்மா நிக்கறாரு. இதுல பாரு, இருமறாரு, நாயி பயந்துக்கிச்சு." அந்தப் படங்கள் அத்தனையிலும் அவர் இருந்தார். எடுத்த எனக்குத்தான் அது தெரியவில்லை.

மணியின் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டமிட்டுக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் எல்லா வீட்டிலும் மாட்டுவதுபோல் தலை உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். அத்தை நின்று பார்த்துவிட்டு, "மணி அண்ணாந்துதான பாத்துது? கீழ மாட்டு சாமி" என்றார். இப்போது அது முழங்கால் உயரத்தில் தொங்குகிறது. விவரம் தெரியாதவர்கள் யாராவது வந்தால் அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போடப் பார்ப்பார்கள். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்வார்: "கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்க. அங்க அவரு நிக்கறாரு."