நோன்பை முறிக்காத மருந்து

செருப்பு சுருங்குமா?

சுருங்கும் என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். சொல்வது யார்? பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆயுசு பூராவும் செருப்புக் கடை வைத்திருந்தவர். எந்தக் காலைப் பார்த்தாலும் நம்பர் சொல்லிவிடுவார். கல்யாணமான மறுநாள் என் முகத்தை விட்டுவிட்டு காலைத்தான் பார்த்தார். “ஆறாம் நம்பர்” என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு... சரி, அந்தக் கதைக்குப் போனால் திரும்பி வர மாட்டேன்.

இந்த வருஷ நோன்பில் ஒரு சாயங்காலம். அசர் தொழுகைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வார் ஏறவே இல்லை.

“ரெக்ஸின் பாரு, வெயிலுக்குச் சுருங்கிடுச்சு” என்றார்.

“செருப்பு சுருங்கலீங்க. கால்தான் வீங்கியிருக்குது.”

“உனுக்கு என்னா தெரியும் செருப்பைப் பத்தி?”

செருப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அந்தக் காலைத் தெரியும். உட்கார வைத்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது, பிசைந்து வைத்த மாவில் பதிந்த மாதிரி.

எனக்குப் பகீரென்றது. அவருக்கு? “தொழுகைக்கு நேரமாவுது, விடு புள்ள” என்று பழைய ஹவாய் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

ஊரில் உள்ளவர்கள் காலுக்கெல்லாம் குந்தி உட்கார்ந்து செருப்பு மாட்டிவிட்டே அவர் முட்டி தேய்ந்துவிட்டது. முட்டிக்குப் பின்னாலேயே இடுப்பு, கணுக்கால், தோள்பட்டை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கி, கடலை மாதிரி போட்டுக்கொண்டிருந்தார். நோன்புக்கு முன்னால் தருமபுரிக்குக் கூட்டிப் போய் ரத்தம் பார்த்தோம். கிட்னி கொஞ்சம் களைத்திருக்கிறது, இனி வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்றார் டாக்டரம்மா.

தொடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவார்.

மாத்திரை போன இடத்துக்கு ஜெல் வந்தது. டியூபில் வருமே, புதினா வாசனையோடு சிலுசிலுவென்று... அதுதான். மேலே தடவுவதுதானே, உள்ளேயா போகிறது? அதிலும் நோன்பு மாதத்தில் அதற்கு ஒரு தனிப் பெருமை. மாத்திரை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும். ஜெல் தடவினால் முறியாது. சும்மா சொல்லவில்லை, பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற அஜரத்திடம் கேட்டுக்கொண்டே வந்துவிட்டார்.

“தோல் மேல தடவறதால நோன்பு முறியாதுன்னு சொல்லிட்டாரு” என்று பரீட்சையில் பாஸான பையன் மாதிரி வந்து நின்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது.

ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளு செய்ய வேண்டும் அல்லவா? கை, கால், முகம் எல்லாம் கழுவ வேண்டும். இவருக்கு ஒரு சந்தேகம். கணுக்காலில் ஜெல் பிசுபிசுவென்று இருந்தால் தண்ணீர் தோலில் படாதே, ஒளு கூடாமல் போய்விட்டால்? அதனால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். பிறகு ஒளு. பிறகு தொழுகை. கழுவியதில் மருந்து போய்விட்டதே என்று திரும்பவும் தடவுவார். அடுத்த பாங்கு சொன்னால் திரும்பவும் சோப்பு... கணக்குப் போட்டுப் பாருங்கள்! கணுக்காலுக்குத் தடவும்போது முட்டி மட்டும் என்ன பாவம் செய்தது? அதற்கும். இடுப்புக்கும். தோளுக்கும். தடவி முடித்து, மேலே வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுப்பார்.

அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். பூண்டும் சீரகமும் போட்ட கஞ்சி. அந்த வாசனையையே வீட்டுக்குள் விடாமல் இந்த ஜெல் தடுத்துவிட்டது.

“ஏங்க, இவ்ளோ தடவலாமா? யாரையாச்சும் கேட்டீங்களா?”

“அஜரத்தைக் கேட்டன்ல?”

நான் கஞ்சியைக் கிண்டப் போய்விட்டேன்.

அவர் மட்டும் என்றாலும் பரவாயில்லை. ராத்திரி தராவீஹ் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் இவர் வயசுக்காரர்கள் ஒரு கூட்டமாக உட்கார்வார்கள். அத்தர் பாட்டிலை ஆளுக்கு ஆள் நீட்டுவது மாதிரி அங்கே டியூபை நீட்டிக்கொள்கிறார்களாம். ஒருத்தர் வெள்ளை ஜெல்தான் நல்லது என்பாராம். இன்னொருத்தர் மஞ்சள்தான் எலும்பு வரைக்கும் போகும் என்பாராம். எலும்பு வரைக்கும் போகிற சாமான் ரத்தத்துக்குப் போகாதா என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஏன் இவ்வளவும்? நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்து தொழக் கூடாது என்ற வீம்பு. முட்டி முடியாதவர்கள் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. இவரோ, “நாற்காலில ஒக்காந்துட்டா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டன்” என்பார். வியாபாரத்தை மகனிடம் கொடுத்துவிட்டார். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். தரையில் நெற்றி வைத்துத் தொழுவது ஒன்றுதான் மிச்சம். அது எனக்கும் புரிகிறது. புரிவதால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

செருப்பு சுருங்கிய மறுநாள் காலை, மருமகள் ஷமீமாவையும் கூட்டிக்கொண்டு தருமபுரிக்குப் போனோம். அதே டாக்டரம்மா. சின்ன வயசு, பொறுமைசாலி. காலை அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

“இப்ப என்னென்ன மருந்து எடுக்கறீங்க, ஐயா?”

“பிபி மாத்திரை மட்டுந்தாங்க.”

“வலி மாத்திரை?”

“நீங்க சொன்ன அன்னிக்கே விட்டுட்டனுங்க. அல்லா அறிய தொடலைங்க.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லீங்க.”

பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை! உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா மூக்கை லேசாக உறிஞ்சினார். ஃபேன் சுற்றச் சுற்ற அந்த ரூம் முழுக்கப் புதினா.

“இங்க யாரோ வலி மருந்து தடவியிருக்கீங்களே?”

“அது மருந்து இல்லீங்க” என்றார் இவர். “ஜெல்லு.”

ஷமீமா தலையில் கை வைத்துக்கொண்டாள். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தொழுகைக்குத் தொழுகை தடவுவது, சோப்புப் போட்டுக் கழுவித் திரும்பவும் தடவுவது, வெந்நீர்ப் பை, எந்தெந்த இடம்... டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆசையாகக்கூட எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“ஐயா, ஜெல் கெட்டது இல்லை. மாத்திரையில இருக்கற அதே மாதிரி வலி மருந்துதான் இதுலயும், ஆனா மாத்திரையைவிட இதுல ரத்தத்துக்குள்ள போறது ரொம்பக் கொஞ்சம். வயித்துக்கும் நல்லது. உங்க வயசுக்காரங்களுக்கு முட்டிவலின்னா, முதல்ல நாங்களே ஜெல்தான் எழுதுவோம். ஆனா ‘கொஞ்சம்’னு சொல்றது ஒண்ணு ரெண்டு மூட்டுக்கு, சொன்ன அளவுக்குத் தடவினா. நீங்க உடம்பு பூரா தடவறீங்க. நாள் பூரா தடவறீங்க. மேல சூடு வேற வெக்கறீங்க, சூடு வெச்சா இன்னும் உள்ள இழுக்கும்.”

“நோன்பு...” என்று ஆரம்பித்தார் இவர்.

“அதையும் சொல்றேன். பகல் பூரா தண்ணி இல்லை. வெளிய இந்த வெயில். கிட்னி ஏற்கனவே களைச்சிருக்கு. பிபி மாத்திரையும் உள்ள போகுது. ஒவ்வொண்ணா வந்தா கிட்னி சமாளிக்கும். எல்லாரும் ஒரே நாள்ல விருந்துக்கு வந்து ஒக்காந்தா? ஜெல் மேல மட்டும் பழி போட மாட்டேன். ஆனா இப்பக் கொஞ்ச நாளைக்கு அதை நிறுத்தணும். நோன்பையும் நிறுத்தணும்.”

இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “நோன்பா? மீசை மொளைக்கறதுக்கு முன்ன இருந்து ஒரு நோன்பு விட்டதில்லீங்க.”

“ரத்தம் பார்த்துட்டுப் பேசலாம், ஐயா.”

பார்த்தோம். கிட்னிக் கணக்கு முன்னால் இருந்ததைவிட ஏறியிருந்தது. இன்னும் கை மீறவில்லையாம். இதே போக்கில் போனால் மெஷினில் வைத்து ரத்தம் சுத்தம் செய்கிற நிலைமை வரலாம் என்று சொன்னார். எங்கள் தெருவில் ஒருத்தர் அப்படித்தான் தருமபுரிக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருக்கிறார். அவர் முகம் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இவர் மெதுவாக உட்கார்ந்தார். டாக்டரம்மா டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். இவர் அதை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் பஸ்ஸில் ஏறியதும் பழைய ஆளாகிவிட்டார்.

“நீ எதுக்கு அதையெல்லாம் சொன்ன?”

“நான் எங்கங்க சொன்னன்? உங்க மேல அடிக்கற வாசனை சொல்லுச்சு.”

“இந்த மாமியை வெச்சிக்கிட்டு ஒரு ரகசியம் காப்பாத்த முடியாது, மாமா” என்றாள் ஷமீமா. அவள் யார் கட்சி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் தட்டுகிறவளும் அவள்தான், அதனால் இத்தோடு விடுகிறேன்.

மறுநாள் அஜரத் வீட்டுக்கு வந்தார், விசாரிக்க. எனக்கு ஆத்திரம். “நீங்கதானே ஜெல்லு தடவலாம்னு சொன்னீங்க?” என்று கேட்டேவிட்டேன்.

அவர் பதறவில்லை. “நோன்பு முறியுமான்னு கேட்டாரும்மா. முறியாதுன்னன். கிட்னியைப் பத்தி எங்கிட்ட கேக்கவே இல்லியே. கேட்டிருந்தா டாக்டரைப் பாருங்கன்னு அனுப்பியிருப்பன்.” பிறகு இவர் பக்கம் திரும்பினார். “நோயாளிக்கு அல்லாவே சலுகை குடுத்திருக்கான். ஒடம்பு தேறினா விட்ட நோன்பைப் பின்னாடி புடிங்க. தேறலைன்னா ஏழைக்குச் சோறு போடுங்க. நாற்காலில ஒக்காந்து தொழுங்க. கிட்னியைக் கெடுத்துக்கிட்டு தரையில நெத்தி வெச்சு ஸஜ்தா பண்ணச் சொல்லி யாரும் சொல்லல.”

அஜரத்தைக் குறை சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே அப்படித்தான் இல்லையா? மெடிக்கல்காரரிடம் வலி போகுமா என்று கேட்கிறோம். அஜரத்திடம் நோன்பு முறியுமா என்று கேட்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் எந்த நிறம் நல்லது என்று கேட்கிறோம். கேட்க வேண்டியவரே எதிரில் உட்கார்ந்து “வேற என்ன மருந்து?” என்று கேட்டால் மட்டும் ஒன்றும் இல்லை என்கிறோம்! தொண்டை வழியாக இறங்கினால்தான் நமக்கு அது மருந்து. கண்ணில் விடுவது, தோலில் தேய்ப்பது, மூக்கில் உறிஞ்சுவது எல்லாம் சோப்பு, பவுடர் கணக்கில் போய்விடுகிறது.

நோன்பு போனது. பெருநாளும் வந்து போனது. திரும்ப ரத்தம் பார்த்தபோது அந்தக் கணக்கு இறங்கியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் டாக்டரம்மா கையைப் பிடித்து முத்தமே கொடுத்துவிட்டேன். ரொம்ப மோசமான ஒரு முட்டிக்கு மட்டும், அவர் காட்டிய அளவு, காலையும் சாயங்காலமும் ஜெல் தடவலாம் என்றார். சூடு வைக்கக் கூடாது, புண் இருந்தால் தடவக் கூடாது, தடவினால் கையைக் கழுவிவிட வேண்டும். வலி மாத்திரை இனி எப்போதும் கிடையாது. அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். இதை உங்கள் வீட்டில் அப்படியே செய்துவிடாதீர்கள். இது இவருடைய கிட்னிக்குச் சொன்ன அளவு. உங்கள் கிட்னியை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அவ்வளவு குறைத்துத் தடவினால் தரையில் உட்கார்ந்து எழ முடியுமா? முடியவில்லை. முதலில் வீட்டிலேயே, யாரும் பார்க்காமல் கட்டிலில் உட்கார்ந்து தொழுதார். எனக்கே ஆச்சரியம், நானா வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். செருப்பு சுலபமாக ஏறியது. “நாற்காலில ஒக்காந்து தொழுதுட்டு வர்றன்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

போனவர் கடுகடுவென்று திரும்பி வந்தார்.

“என்னாங்க ஆச்சு?”

“நாற்காலி இல்ல! அந்த ஜெல்லுக் கூட்டம் இருக்குதில்ல... என் கதையைக் கேட்டுட்டு அல்லாருமா போயி ரத்தம் பாத்துட்டு வந்திருக்கானுங்க. எனக்கு முன்ன வந்து கடைசி வரிசையில அத்தனை நாற்காலியும் புடிச்சிட்டானுங்க. பஸ்ல துண்டு போடற மாதிரி தொப்பியைப் போட்டு வெச்சிருக்கானுங்க!”

“அப்புறம் எப்படித் தொழுதீங்க?”

“பக்கத்து வூட்டுல ஸ்டூலு வாங்கி.”

சிரித்தேன். இந்த வருஷம் அவரைப் பார்த்து நான் மனசு விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த தொழுகைக்குக் கிளம்பும்போது சமையல்கட்டுக்கு வந்தார். நான் உட்கார்ந்து காய் நறுக்குகிற பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அது இன்னும் பள்ளிவாசலில்தான் இருக்கிறது. நான் தரையில் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கிட்னி பிழைத்துக்கொண்டது... இனி என் முட்டிதான் போகப் போகிறது!