பரமண்ணையின் கையில் இருந்த கருமருந்து

செவ்வாய்க்கிழமை காலை ரூ லூயி-பிளாங் தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். பரமண்ணையின் மனைவி சாந்தி திரான்சியில் இருந்து போன் எடுத்தா. "அக்கா, இவர் எழும்பேல்லை" என்று மட்டும் சொன்னா. எத்தனை மணிக்குப் படுத்தவர் என்று நான் கேட்டேன். அதைக் கேட்டு என்ன செய்ய? கையில் இருந்த முருங்கைக்காய்க் கட்டை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் பக்கம் நடந்து போனேன். பனிப்புகார் இறங்கி, மெட்ரோப் பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றாய்த் தெரிந்து ஒவ்வொன்றாய் மறைந்தன. சனம் வாயசைத்தது, சத்தம் வரவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் அவர் நிற்பதுபோல இருந்தது. கிட்டப் போனால் போன் கார்ட் விற்கிற ஆள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்களும் எழுதுங்கோ என்று கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு வருகிற மாதிரித்தான் எழுதுவேன். உங்களில் கனபேருக்கு அவரைக் கலியாண வீடுகளில் ஆட்டிறைச்சி காய்ச்சுகிற பரமண்ணையாகத்தான் தெரியும். எனக்கு அவரைத் தெரிய வந்தது கோப்பை கழுவுகிற தொட்டியடியில்.

ஊரில் சண்டை முடிந்த அடுத்த வருசம் அவர் பிரான்சுக்கு வந்தார். நான் வேலை செய்த பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவ ஆள் தேவைப்பட்டது, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளி ழெரார் கை கொடுத்தவர், பரமண்ணையின் வலக்கையை விடவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தோல் சுருங்கி, அதற்குள் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள். மிளகு தூவினதுபோல. இது துவக்குக் கருமருந்து சுட்ட அடையாளம்தானே, என் அப்பாவின் கையும் இப்படித்தான் இருந்தது என்றார் ழெரார். நான் மொழிபெயர்த்தேன். பரமண்ணை முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்ததைக் கண்டேன்.

பிறகென்ன, நான் சலாது இலை நறுக்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நாக்காய் இருந்தேன். ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டில் பரமண்ணை வைத்திருந்தது இடியன் துவக்கு. தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். குழாயின் வாயால் மருந்தைக் கொட்டி, தும்பு வைத்து, ஈயக்குண்டு போட்டு, கம்பியால் இடித்து நிரப்புகிற துவக்கு அது. பின்பக்கம் பொறி போடுகிற இடம் திறந்தபடி கிடக்கும். வெடிக்கும்போது பொறி வெளியே பறக்கும். ழெராரும் குழாய் வாயால் நிரப்புகிற துவக்கோடுதான் மான் வேட்டைக்குப் போகிறவர். ஆனால் அவருடையது புதுசு. போனில் படம் காட்டினார். தூரக் கண்ணாடி பூட்டியிருந்தது. மருந்து வில்லை வில்லையாய் வரும், குண்டுக்குப் பிளாஸ்டிக் உறை, பின்பக்கம் மூடி, மழை பெய்தாலும் நனையாது.

பரமண்ணை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, உது இடியன் இல்லையெண்டு சொல்லு. இடியன்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு வேற ஆரோ நிக்கினம்."

ழெரார் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவர் கேட்டதற்குப் பரமண்ணை சிரிக்கவில்லை. உன் பழைய துவக்கால் காயப்பட்டு ஓடிய மான் எத்தனை என்று கேட்டார். பரமண்ணை தொட்டிக்குள் கையை விட்டு அடுத்த கோப்பையை எடுத்தார். ஒரு பிணைமான், இரண்டு நாள் தேடினது, கிடைக்கவில்லை என்றார். "அதிலை அவர் சொல்லுறதுதான் சரி. கண்ணாடி இருந்தா அது அண்டைக்கே விழுந்திருக்கும்." தன்னுடையதுதான் திறம் என்று கடைசிவரை பிடித்து நிற்கிற ஆட்களைத்தான் எனக்குத் தெரியும். இவர் அப்படி இல்லை.

ஒரு மார்கழி ஞாயிறு ழெரார் எங்கள் இரண்டு பேரையும் தன் தகப்பனின் ஊருக்குக் காரில் கொண்டுபோனார். அந்த நாளை நான் கண்டேனோ கனாக் கண்டேனோ என்று இப்போதும் சந்தேகம். காடு முழுக்க வெள்ளை. மரங்களுக்குக் கால் மட்டும் இருந்தது, தலை இல்லை. ழெரார் முன்னே, பரமண்ணை வெறுங்கையோடு பின்னே, நான் இரவல் சப்பாத்தோடு கடைசியில். பேசக்கூடாது. என் மூச்சு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மான் வந்ததை நான் காணவில்லை. பரமண்ணையின் முதுகு அசையாமல் நின்றதைப் பார்த்துத்தான் ஏதோ நிற்கிறது என்று தெரிந்தது. ஒரு வெடி. கொஞ்சப் புகை, உடனே இல்லை. தூரத்தில் மான் சரிந்து கிடந்தது, படுத்து நித்திரை கொள்வதுபோல.

பின்னேரம் ழெரார் தகப்பனின் பழைய துவக்கை எடுத்து வந்து, வேலியில் சாத்தின பலகைக்கு ஒரு வெடி வைத்தார். பரமண்ணைக்காகத்தான். வெள்ளைப் புகை எழும்பி, போக மனமில்லாமல் அப்படியே நின்றது. பலகையும் இல்லை, வேலியும் இல்லை. நான் ஒரு அடி வைக்க, பரமண்ணை கையை நீட்டி மறித்தார். "பொறு தங்கச்சி. புகை விலகுமட்டும் என்ன நடந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது." கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நின்றார். அந்த மணத்தில் அவர் எங்கே போய் வந்தார் என்று நான் கேட்கவில்லை.

இனி நான் எழுத வேண்டியதுக்கு வருகிறேன்.

பரமண்ணைக்கு அகதிப் பேப்பர் கிடைத்தால்தான் சாந்தியையும் மகளையும் கூப்பிடலாம். அவர்கள் முகாமில் இருந்து வெளியே வந்து, ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார்கள். மகளுக்கு ஆறு வயது. விசாரணைக்குக் கடிதம் வந்ததும் அவர் என்னிடம்தான் வந்தார், கையில் உள்ள காயத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று. லாச்சப்பலில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற புத்தியை நானும் சொன்னேன்.

"துவக்கெண்டு வாயெடுக்காதையுங்கோ அண்ணை. மான் சுட்டதெண்டு ஆர் நம்புவான்? இயக்கக்காரனெண்டுதான் நினைப்பாங்கள். செல் விழுந்து வெடிச்சுப் பட்டதெண்டு சொல்லுங்கோ. செல்தானே எல்லாருக்கும் பட்டது."

அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. நான்தான் விடாமல் சொன்னேன். கேஸ் எழுதுகிறவரிடமும் நானே கூட்டிக்கொண்டு போய், அப்படியே எழுதுவித்தேன்.

விசாரணையில் அந்தச் செல் எங்கே விழுந்தது, விடியவா பின்னேரமா, பக்கத்தில் யார் நின்றது என்று கேட்டிருக்கிறார்கள். பரமண்ணையின் தலைக்கு மேலால் எத்தனையோ செல் போனது, ஒவ்வொன்றுக்கும் இடமும் நேரமும் அவருக்குத் தெரியும். இந்தச் செல்லுக்கு மட்டும் தெரியாது. இரண்டு தரம் இரண்டு ஊர் சொன்னார். காயத்தின் கதை நம்பும்படி இல்லை, ஆகவே மற்றதும் நம்பும்படி இல்லை என்று நிராகரித்துக் கடிதம் வந்தது. மற்றது முழுக்க உண்மை. நான் சேர்த்தது ஒன்றுதான் பொய்.

ழெராருக்குச் சொன்னபோது அவர் என்னைத்தான் பார்த்தார். நான் முதல் நாளே சொன்னேனே இது என்னவென்று, நீதானே மொழிபெயர்த்தாய் என்றார். அன்றிரவே இரண்டு பக்கம் எழுதி, தகப்பனின் கையைக் காட்டுகிற பழைய படம் ஒன்றும் வைத்து, முறையீட்டுக்கு வழக்கறிஞரிடம் கொடுத்தார். இன்றைய துவக்குகளுக்குப் பின்பக்கம் மூடியிருப்பதால் இப்படியான காயத்தை இப்போது ஒருத்தரும் காண்பதில்லை, பழைய திறந்த துவக்குக்கு இது வழக்கமான அடையாளம், மான் வேட்டைக்காரனின் கை இது என்று எழுதினார்.

முறையீட்டு விசாரணைக்கு இரண்டு வருசம் பிடித்தது. நானும் ழெராரும் பின்வரிசை வாங்கில் இருந்தோம். நீதிபதி அம்மா அந்தத் துவக்கை எப்படி நிரப்புவது என்று காட்டச் சொன்னா. பரமண்ணை எழும்பி நின்றார். இல்லாத குழாயை இடக்கையில் பிடித்து, இல்லாத மருந்தை உள்ளங்கையில் அளந்து கொட்டினார். தும்பு. குண்டு. கம்பியால் மெல்ல மெல்ல இடித்தார். அந்த அறையில் தாள் அசைகிற சத்தமும் இல்லை. அவர் தோளில் வைத்துக் குனிந்தபோது, எல்லோரும் அவர் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே சுவர்தான்.

பிறகு நீதிபதி அம்மா கேட்டா: முதல் தரம் ஏன் மறைத்தீர்கள்? யாராவது சொல்லித் தந்தார்களா?

பரமண்ணை நான் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒருத்தரும் சொல்லித் தரேல்லை அம்மா. பயந்தது நான்தான்."

அன்றைக்கு அந்த அறையில் அவர் சொன்ன ஒரே பொய் அது.

பேப்பர் கிடைத்தது. சாந்தியும் மகளும் வந்து இறங்கியபோது மகளுக்கு ஒன்பது வயது. விமான நிலையத்தில் தகப்பனின் கையைப் பிடிக்காமல் தாய்க்குப் பின்னால் ஒளித்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் புத்தியால் பிந்தினதை அவர் ஒரு நாளும் என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவர் வீட்டில் சாப்பிட்டேன்.

செத்த வீட்டில் சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா இல்லையென்றால் எங்களுக்குப் பேப்பர் இல்லை என்று இவர் எப்பவும் சொல்லுவார் என்று அழுதா. பக்கத்தில் மகள், இப்போது வளர்ந்த பிள்ளை, கேட்டுக்கொண்டு நின்றது.

"இல்லை பிள்ளை" என்றேன். "என்னாலைதான் உங்களுக்கு ரெண்டு வருசம் பிந்தினது. பொய் சொல்லச் சொன்னது நான். அவர் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை."

சாந்தி கையை மெல்ல எடுத்தா. மகள் என்னைப் பார்த்தபடியே நின்றது. அதற்குப் பிறகு சாந்தி என்னோடு பேசவில்லை. இந்த மலருக்கு என்னை எழுதச் சொன்னது அந்த மகள்தான். அதையும் எழுதுங்கோ என்றுதான் கேட்டது.

எழுதிவிட்டேன், பரமண்ணை. உங்களிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. நீங்கள் உங்கள் பேரில் போட்டுக்கொண்ட அந்தப் பயம். அது என்னுடையது.