அயிரை மலிந்த கோடை

கண்மாயில் மீன்பிடிக்கக் குத்தகை எடுத்தவர், மீனுக்காக மடையைத் திறந்து தண்ணீரை வெளியேற்றக் கூடாது. குத்தகை நிபந்தனைகளில் இது உண்டு. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஐயத்துக்கு இடமில்லாத தமிழில் எழுதப்பட்ட வெகுசில நிபந்தனைகளில் இதுவும் ஒன்று.

இந்த விதி மீறப்பட்டதை நான் சிறுவயதில் மீன் வாசனையில்தான் அறிந்தேன். மதுரைக்கு மேற்கே எங்கள் ஊரில் மழை பொய்த்துப்போன ஒரு பங்குனி. கிணறுகள் வறண்டு, "கம்மா" என்று நாங்கள் சொல்லும் கண்மாயின் பள்ளத்தில் மட்டும் இடுப்பளவுத் தண்ணீர் கிடந்தது. மாடுகளுக்கென்று ஊர் அதை ஒதுக்கியிருந்ததால் யாரும் துணிகூடத் துவைக்கவில்லை. அப்பாவின் இரண்டு காளைகளும் அதை நம்பித்தான் உயிரோடு இருந்தன.

தேர் பார்க்கத் திருப்பரங்குன்றம் போன ஊர், பிற்பகலில் திரும்பியபோது, தெருமுனையில் குத்தகைதாரரின் ஆள் அயிரையையும் கெளுத்தியையும் குவித்து வைத்திருந்தான்.

"அள்ளிக்கங்க மதினி, வச்சிருந்தா நாறிப்போகும்."

கோயிலுக்குப் போய்வந்த அன்று கவிச்சி ஆகாது என்ற வீட்டு விதியை அம்மாவே தளர்த்தினாள். தெரு முழுக்கக் குழம்பு கொதித்தது. அப்பா மறுசோறு வாங்கியபோதுதான் கேட்டார்: "இந்தப் பஞ்சத்துல இம்புட்டு மீனு ஏது?"

"நம்ம கம்மாயில புடிச்சதாம்ல" என்றாள் அம்மா.

அப்பா கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார்.

ஊரே ஓடிப்போய்ப் பார்த்தது. மடை திறந்து கிடந்தது. பயிரில்லாத வயல்களின் வெடிப்புகள் அத்தனை தண்ணீரையும் குடித்திருந்தன. காளைகள் சேற்றை முகர்ந்து முகர்ந்து நின்றன.

குத்தகைதாரர் மதுரை சிம்மக்கல்லில் வியாபாரி. மடிப்புக் கலையாத சட்டையோடு கரையில் நின்றார்.

"மாட்டுக்கு வச்ச தண்ணிண்ணே அது" என்றார் அப்பா.

"திங்கயில ருசியா இருந்துச்சுல்ல? இப்ப வந்து தண்ணியக் கேக்குறீக!"

கேட்க வந்த ஊரின் கையில் மீன் வாசனை இன்னும் போகவில்லை.

கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டினால் மாடுகள் பிழைக்கும். ஆனால், "அனுமதியில்லாம மம்பட்டி போட்டா கேசாகிப்போகும்" என்று தடுத்தார் ஊரின் நிலக் கணக்கை எழுதிய கர்ணம். மடை திறந்ததற்கு ஆகாத வழக்கு, மம்பட்டிக்கு ஆகுமாம். அப்பா அனுமதி கேட்டு மனுப் போட்டார். காளைகளின் விலா எலும்பு துருத்தும்வரை காத்திருந்துவிட்டு, விலை கேட்டு வந்தவரிடம் அவற்றைப் பிடித்துக் கொடுத்தார்.

இப்போது அந்தக் கண்மாயில் பாதி வீட்டுமனை, மீதி சீமைக் கருவேலம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்கால் ஓடிய தடத்தில் தார்ச்சாலை போகிறது. அந்தச் சாலையில்தான் இந்தக் கோடையிலும் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. தூர்வார வேண்டும் என்று கிராம சபையில் கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போடுகிறோம். பிடிக்க மீன் இல்லை, திறக்க மடை இல்லை. நிபந்தனை மட்டும் அமலில் இருக்கிறது.

அப்பாவின் மனுவுக்கும் பதில் வராமல் இல்லை. ஊற்றுத் தோண்ட அனுமதி கிடைத்தது. கால்நடைகளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன். அடைமழையில் கண்மாய் நிறைந்து, எங்கள் தொழுவம் காலியாகக் கிடக்க, அடுத்து வந்த மாட்டுப் பொங்கலன்று, தலையாரி அந்த உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தார்.