தண்டவாளத்தில் கிடந்த செருப்பு

என் கணவர் மேல் உள்ள கோபம் ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் போடிக்கு வந்திருந்தது. ரயில் பாதையைக் காட்டுகிறேன் என்று இவர் எல்லோரையும் ஊருக்கு வெளியே கூட்டிப்போனார். அகலப்பாதை வேலைக்காகப் பல வருடம் ரயில் ஓடாமல் இருந்தபோது நாங்கள் மிளகு காயப்போட்ட இடம் அது. அந்தப் பழக்கத்தில், நாத்தனாரின் ஆறு வயது மகளைத் தண்டவாளத்தில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்.

“ரயிலு வந்துரப்போகுதுங்க” என்றேன்.

“சாயந்தரந்தான் வரும். எனக்குத் தெரியாத ரயிலா?”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தினார்: “ஏ ஆத்தா, புள்ளையத் தூக்கு! வெரசா! இஞ்சின் வருது!”

பிள்ளையை இழுத்துக்கொண்டு சரிவில் உருண்டேன். பெட்டியே இல்லாமல் ஒற்றை இன்ஜின் கடந்து போனது. பிள்ளையின் ஒரு செருப்பு இரண்டு துண்டாகக் கிடந்தது.

“அதான் ஒண்ணும் ஆகலையே” என்று சிரித்தார் இந்த மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போதெல்லாம் விருந்தாளி வந்தால் தேனிக்கு ரயில் டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்காரவைத்து மலையைக் காட்டுகிறேன். இவர் தண்டவாளப் பேச்சை எடுத்தால் பீரோவிலிருந்து அந்தச் செருப்பின் இரண்டு துண்டையும் எடுத்து அவர் முன்னால் வைக்கிறேன். இப்போது அவர் சிரிப்பதில்லை.