பஸ்ஸில் மட்டும் வந்த மரணம்

உடல்நலக் குறைவால் முன்கூட்டியே ஓய்வு பெற மருத்துவச் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்பது விதி. எழுபதுகளில் பாகூர் அலுவலகத்தில் அந்த விதியைக் காட்டிப் பலரின் மனுவைத் திருப்பியனுப்பிய நானே, சான்றிதழ் இல்லாமல் மனு கொடுத்தேன்.

அலுவலகம் போக அரியாங்குப்பத்தில் பஸ் ஏறினால் தவளக்குப்பம் வருவதற்குள் நெஞ்சு படபடக்கும், செத்துவிடுவேன் என்று தோன்றும். டாக்டர் சோதித்துவிட்டு, இதயத்தில் கோளாறில்லை, இது பீதி, சான்றிதழ் தர முடியாது என்றார். என் நெஞ்சு எனக்கா தெரியாது என்று மனுவைக் கொடுத்துவிட்டு, சைக்கிளுக்கு மாறினேன்.

ஒருநாள் எதிர்காற்றில் மிதித்து வந்து, வாசலில் மூச்சிரைக்க நின்றேன்.

"இப்ப நெஞ்சு அடிக்கலியா?" என்றாள் மனைவி.

"அடிக்குது. சைக்கிள் மிதிச்சதால."

"அத்த நெஞ்சா சொல்லுச்சு? நீங்களாத்தான சொல்லிக்கினீங்க. பஸ்ல மட்டும் இன்னாத்துக்கு சாவுன்னு சொல்லிக்கிறீங்க?"

உடம்பைக் கவனிப்பதாக நினைத்து, என் ஊகத்தையே கவனித்திருக்கிறேன். மறுநாள் பஸ் ஏறினேன். படபடப்பு வந்தது. 'இது படபடப்பு' என்பதோடு நிறுத்திக்கொண்டேன், மெல்ல அடங்கியது. இன்றும் அவ்வளவுதான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் மனு மேலிடத்துக்குப் போயிருந்தது. ஏற்றுக்கொண்டால் வேலை போய்விடும். சான்றிதழ் இல்லாததால் ஏற்க இயலாது என்ற பதில், நான் கையெடுத்துக் கும்பிட்ட ஒரே அரசாங்கப் பதில், மாசிமகத்துக்கு மறுநாள் வந்தது.